இருட்டுக்குக் காவல்

கேப் டவுனின் பெல்ஹாரில் டென்வர் யாஃப்தாவின் வீட்டில் ஓர் அறைக்கு மட்டும் காலை ஏழு மணிக்கு இருட்டும், மாலை ஏழு மணிக்கு விடியும். சமையலறையை ஒட்டிய அறை. முன்பு உடைந்த சைக்கிளும் யாருக்கும் வேண்டாத மெத்தையும் கிடந்த இடம். இப்போது கதவிடுக்கில் ரப்பர் பட்டை, ஜன்னலுக்குக் கறுப்புத் தார்ப்பாய், அதன்மேல் பலகை, பலகை விளிம்பெல்லாம் கறுப்பு நாடா. உள்ளே நாலு வாளி, வாளிக்கு ஒரு கஞ்சாச் செடி. மண் என்பதே கிடையாது. வேர்கள் சத்து கலந்த தண்ணீரில் தொங்கும். மீன் தொட்டியில் விடுவதுபோலத் தண்ணீருக்குள் காற்றுக் குமிழி ஓடிக்கொண்டே இருக்கும். தலைக்கு மேலே வரிசையாக விளக்குகள்.

தண்ணீரையும் சத்தையும் எவனும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். டென்வரின் உயிரை எடுத்தது வெளிச்சம்தான். பூக்கும் பருவத்தில் அந்தச் செடிக்குப் பாதி நாள் வெளிச்சம், பாதி நாள் இருட்டு. வெளிச்சம் கொஞ்சம் குறைந்தால் மேகம் மூடியதாக நினைத்துப் பொறுத்துக்கொள்ளும். இருட்டில் மட்டும் கை வைக்கக் கூடாது. தூங்கும் நேரத்தில் திரும்பத் திரும்ப வெளிச்சம் பட்டால் மிரண்டுபோகும். காலம் தப்பிவிட்டது, இனி நமக்கு நாள் இல்லை என்று பயந்து, பெண் செடி தன் பூவுக்குள்ளேயே ஆண் பூவைத் தள்ளும். அப்புறம் எல்லாம் விதையாகிவிடும். மருந்துக்கு வேண்டிய பிசின் போய்விடும்.

அவன் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவன். பகலில் அவன் வண்டியில் இருப்பான், செடிகள் தூங்கும். மாலையில் அவன் வீடு திரும்பவும் அவை கண் விழிக்கவும் சரியாக இருக்கும். கேப் டவுன் குளிர்காலத்து ராத்திரியில் விளக்குச் சூடு அறைக்கும் நல்லது. எல்லாம் யோசித்துச் செய்த ஏற்பாடு. யோசிக்காமல் விட்டது ஏதாவது இருக்குமோ என்ற பயம் மட்டும் அவனை விட்டதே இல்லை. சிக்னலில் வண்டி நிற்கும்போதுகூட, ஜன்னல் நாடா விட்டுக்கொண்டிருக்குமோ என்றுதான் மனசு ஓடும்.

இத்தனை பாடும் மனைவி ரொவீனாவுக்காக. டென்வருக்கு அந்தப் புகையே ஆகாது. வாலிபத்தில் ஒரே ஒரு தடவை இழுத்துவிட்டு, தன் காலணியிடம் உட்கார்ந்து நியாயம் கேட்டவன் என்று மச்சினன் லெஸ்டர் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான். ரொவீனா தையல் ஆலையில் சட்டைக் காலர் தைத்தவள். போன வருடம் மார்பில் கட்டி. அறுத்து எடுத்துவிட்டு, இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் மருந்து ஏற்றுகிறார்கள். ஏற்றிய மறுநாளிலிருந்து தண்ணீர்கூட வயிற்றில் தங்காது. முதல் விளைச்சலில் எடுத்த எண்ணெயை அரிசிமணி அளவு நாக்குக்கு அடியில் வைத்த அன்று, அவள் எழுந்து உட்கார்ந்து, "ஸ்னூக் மீன் இருந்தா கொஞ்சம் வதக்கிக் குடு டென்னி, பசிக்குது" என்றாள். டென்வர் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதான். அந்த எண்ணெய்ப் பாட்டிலில் இப்போது அடி தெரிய ஆரம்பித்துவிட்டது. இந்த நாலு செடியும் ஒழுங்காக விளைந்தால்தான் மிச்ச சிகிச்சையை அவள் சாப்பிட்டுக்கொண்டு தாண்டுவாள்.

சாயங்காலம் விளக்கு எரிந்ததும் ரொவீனா கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு மெல்ல வந்து, அந்த அறையில் நாற்காலி போட்டுக் குளிர் காய்வாள். பூ பூத்துத் தலை கனத்து ஆடும் நாலு செடிக்கும் "அத்தைங்க" என்று பேர் வைத்தவள் அவள்தான். "ஞாயித்துக்கிழம பெரிய தொப்பி போட்டுக்கிட்டு சர்ச்சுக்கு வருவாங்களே எங்க அப்பா கூடப் பொறந்தவங்க, அதே தலையாட்டல்" என்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பூதக்கண்ணாடியோடு அத்தைகளைச் சுற்றி வந்தவன், ஜன்னலோரச் செடியின் நடுப்பூவில் மஞ்சளாக ஒன்று துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். நகக்கண் அளவுகூட இருக்காது. வளைந்து, மினுமினுப்பாக, பொம்மை வாழைப்பழம் மாதிரி. வளர்ப்பவர்கள் அதை வாழைப்பழம் என்றுதான் சொல்வார்கள், சிரிக்காமல் சொல்வார்கள். ஆண் பூ.

டென்வர் இடுக்கியால் அதைக் கிள்ளி ஈரக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பின்னால் நாற்காலியில் இருந்த ரொவீனா, "என்ன, அத்தைக்கு உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. காஞ்ச எல" என்றான்.

கதவு சரி. ஜன்னல் சரி. நேரம் வைத்து விளக்கை அணைக்கும் கருவி சரி. அப்படியானால் பகலில் யாரோ உள்ளே போகிறார்கள். டென்வரின் மூளை ஒரு முடிச்சைப் பிடித்தால் அவிழ்க்காது, இறுக்கத்தான் செய்யும். பகலில் வீட்டில் இருப்பது ரொவீனா. அவளுக்குக் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை போவதே பெரும் பயணம். இன்னொருவன் லெஸ்டர். அக்காவுக்கு உடம்பு முடியாமல் போனதும் கொல்லையிலிருக்கும் பலகை அறைக்குக் குடிவந்தவன். கிடைத்தால் பெயின்ட் அடிக்கும் வேலை, இல்லாவிட்டால் அக்காவுக்குக் கஞ்சி வைக்கும் வேலை. தன் ஓட்டைப் பிக்கப் வண்டியில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருபவனும் அவன்தான். நல்லவன்தான். ஆனால் புகைப்பான்.

அவன் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது டென்வர் போய் எதிரே நின்றான்.

"பகல்ல அந்த ரூமுக்குள்ள போனியா?"

"நானா? நீ அந்தக் கதவ சவப்பெட்டி மாதிரி மூடி வெச்சிருக்க. அதுக்குள்ள எனக்கு என்ன வேல?"

"போன விளைச்சல்ல ஒரு கிளைய கிள்ளினவன் யாரு?"

"அது அப்ப. அதுக்குத்தான் மன்னிப்பு கேட்டாச்சே மச்சான். கேக்கு கூட வாங்கிட்டு வந்தேன்."

"அந்தக் கேக்கையும் நீயேதான் தின்ன."

லெஸ்டர் சிரித்தான். டென்வர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்தான். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. கைபேசியில் வரும் மின்வெட்டு அட்டவணைப்படி அது போகவேண்டிய நேரம்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு நாளைக்கு மூன்று தரம், நான்கு தரம் போய்க்கொண்டிருந்தது. போன மறுகணம் அடுப்பு மேடைக்கு மேலே சுவரில் சொருகியிருந்த சின்ன விளக்கு தானாக எரிந்தது. ரொவீனாவின் தையல் ஆலைத் தோழிகள் பை நிறையக் கொண்டுவந்து கொடுத்த அவசர விளக்குகளில் ஒன்று. மின்சாரம் இருக்கும்வரை சும்மா கிடந்து சக்தி ஏற்றிக்கொள்ளும், போனால் விழித்துக்கொள்ளும். நடையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, குளியலறையில் ஒன்று. அவை வந்ததிலிருந்து இந்த வீட்டில் யாரும் மெழுகுவத்தி தேடவில்லை.

அந்த வெள்ளை வெளிச்சத்தில் இருவர் முகமும் பிணக்களை தட்டியது.

"மச்சான், சத்தியமா நான் போகல."

"உன் சத்தியம் எனக்கு எதுக்கு? வீட்ல வேற யாரு இருக்கா? ஆவியா வந்து லைட்டடிச்சிட்டுப் போகுது?"

"ஃபோன் வெளிச்சத்துல நான் திருடினேன்னு சொல்றியா?"

"உன் அக்கா வாய்க்குப் போகவேண்டியத நீ பொகையா ஊதறடா."

சொல்லி முடித்ததும் டென்வருக்கே நாக்கு கசந்தது. ஆனால் கொட்டிய சொல்லை அள்ள முடியாது. லெஸ்டர் நறுக்கிய வெங்காயத்தைத் தட்டு போட்டு மூடிவைத்தான், கை கழுவினான், கொல்லைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் பிக்கப் இருமிக்கொண்டே தெருவைத் தாண்டும் சத்தம் கேட்டது.

படுக்கையறையில் ரொவீனா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அவன் போகலன்னு சொல்றான்ல."

"பின்ன யாரு போனா ரோ?"

"எனக்கென்ன தெரியும்? ஒரு பூவுக்காக என் தம்பிய வெரட்டிட்ட."

"பூவுக்காகவா வெரட்டினேன்?" என்றான். அன்றைக்கு வைத்த பட்டாணி சூப் அப்படியே ஆறிப்போயிற்று.

மறுநாளிலிருந்து டென்வர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டை தேடினான். காலைச் சுற்றுக்கும் மாலைச் சுற்றுக்கும் நடுவே பேருந்தை நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தான். சமையலறைத் திரையை இழுத்துவிட்டு, உள்ளே தொங்கவிட்ட போர்வையை விலக்கி நுழைந்து, இருட்டில் கண் பழகும்வரை நிற்பான். கையை முகத்துக்கு முன்னால் ஆட்டுவான். கை தெரியாது. ஊசி முனை வெளிச்சம் இல்லை. மின்விசிறியும் குமிழிச் சத்தமும்தான். நிம்மதியாக இருக்கவேண்டியது, இன்னும் பயமாக இருந்தது. ஓட்டை இருந்தால் அடைத்துவிடலாம், இல்லாத ஓட்டையை எதை வைத்து அடைப்பது?

மின்வெட்டு நேரத்தில் மட்டும் அவன் அங்கே போவதில்லை. போன மாதம் ஒரு சாயங்காலம், எரிந்துகொண்டிருந்த விளக்குகள் பொட்டென்று அணைந்தபோது, கையில் தண்ணீர் வாளியோடு இருட்டில் தடுமாறி, சத்துத் தண்ணீர் நிரப்பும் டிரம்மின் மேல் விழுந்து முட்டி பெயர்ந்திருந்தது. இப்போதும் நொண்டுகிறான். அன்றைக்கு ரொவீனா அவன் கையைத் தன் தலைமேல் வைத்து, மின்சாரம் இல்லாதபோது அறைக்குள் காலெடுத்து வைப்பதில்லை என்று சத்தியம் வாங்கினாள். குமிழி ஓட்டும் மோட்டாருக்கு அறைக்கு வெளியே பேட்டரி வைத்துவிட்டதால் போகவேண்டிய தேவையும் இல்லை. தவிர, மின்வெட்டு வெளிச்சத்தைப் பிடுங்குமே ஒழியக் கொடுக்காது. அந்த நேரத்தை அவன் சந்தேகப்பட்டதே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்னும் மூன்று வாழைப்பழம். பக்கத்துச் செடியிலும் ஒன்று. லெஸ்டர் போய்விட்டான், வாழைப்பழம் போகவில்லை. அவன் முன்பு செய்ததுதான் இப்போது முளைக்கிறது என்று டென்வர் தனக்குத்தானே வாதாடிப் பார்த்தான். வாதம் ஒட்டவில்லை. லெஸ்டர் செய்யவில்லையென்றால் அவன் சொன்ன சொல்லுக்கு என்ன கதி என்ற கேள்வி பின்னாலேயே வந்து நின்றது.

சனிக்கிழமை காலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஃபரீடா ஆன்ட்டி கூப்பிட்டாள். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. மூடியில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு. பாத்திரங்கள் வேலி தாண்டிப் போய்வரும் தெரு அது. தன் வீட்டுச் சாமான் எதுவானாலும் ரொவீனா அப்படி ஒரு பொட்டு வைக்காமல் விடமாட்டாள். பொட்டு வைத்த டப்பா ஊர் சுற்றினாலும் வீடு திரும்பும்.

"உன் பொண்டாட்டி டப்பா. உள்ள மீன் குழம்பு இருக்கு. அவளுக்கு. உனக்கில்ல."

"ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி."

"உன் தேங்க்ஸ வெச்சு நான் என்ன பண்ண? அந்தப் பையன வெரட்டிட்டியாமே. திங்கக்கிழம அவள ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போவா? உன் செடி கூட்டிட்டுப் போகுமா?"

"நான் லீவு போடறேன் ஆன்ட்டி."

"நீ கூட்டிட்டுப் போவ. அவள சிரிக்க வெச்சுக்கிட்டே கூட்டிட்டுப் போவியா? அவன் போவான்." கிழவி டப்பாவை அவன் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

அன்று விடுமுறை. டென்வர் முடிவு செய்துவிட்டான். பகல் முழுக்க அறைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது, திருடனோ ஓட்டையோ பேயோ, இன்றைக்குப் பிடித்துவிடுவது. ரொவீனா தூங்கிய பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தி, ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். மின்சாரம் இருக்கும்போதே நுழைந்ததால் சத்தியத்தை மீறியதாகாது என்று ஒரு சமாதானம்.

கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். வெளியே சனிக்கிழமை மத்தியானம். தெருவில் பந்து விளையாடும் சத்தம், எவனோ காரில் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போகிறான். உள்ளே அத்தைகள் நாலு பேரும் மூச்சுவிடுவதுபோல மணம். இவ்வளவு இருட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு இருட்டு போதவில்லையே என்று பயப்படுகிற மனுஷன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் என்று அவனுக்குத் தோன்றியது. ரொவீனாவின் மணிக்கட்டு ஞாபகம் வந்தது. இரண்டு விரலால் சுற்றிப் பிடித்துவிடலாம், இப்போதெல்லாம்.

மின்விசிறி நின்றது. மின்சாரம் போய்விட்டது. விசிறிச் சத்தம் அடங்கி, குமிழிச் சத்தம் மட்டும் மிஞ்ச, அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அறை வெளுத்தது.

கண் கூசியது. டிரம்முக்குப் பின்னால், தரையை ஒட்டி, பளிச்சென்று ஒரு வெள்ளை வெளிச்சம். அது சுவரில் பட்டு, கூரையில் பட்டு, ஜன்னலோரச் செடியின் அடிப்பூ முதல் நுனிப்பூ வரை தடவிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. தினம் தினம், அவன் பேருந்தில் உட்கார்ந்து நாடாவைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம், இந்த வெளிச்சம் இங்கே இப்படி எரிந்துகொண்டிருந்திருக்கிறது. வெளியே பட்டப்பகல், உள்ளே வெளிச்சம் விடாத கதவு. யார் கண்ணிலும் படவில்லை.

ஒரு தாவலில் டிரம்மை நகர்த்தினான். பல பிளக்குகள் சொருகிய நீளப் பலகை, அதில் மேல்விளக்குகளின் பிளக், விசிறியின் பிளக், நேரக் கருவி. எல்லாம் வெள்ளை. அவற்றோடு வெள்ளையாக இன்னொன்று. அவசர விளக்கு. எவன் வைத்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினான். பிடுங்கியும் அது அணையவில்லை. உள்ளங்கையில் எரிந்தது. பொத்தினால் விரலிடுக்கெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. தட்டுத்தடுமாறி அடியிலிருந்த பொத்தானை அமுக்க அதைத் திருப்பியபோது, அதன் பக்கவாட்டில் அதைப் பார்த்தான்.

சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு.

அவன் விழுந்த அதே இடத்துக்கு நேராகத்தான் அதைச் சொருகியிருந்தாள். அங்கே குனிய வேண்டுமென்றால் டிரம்மைப் பிடித்துக்கொண்டு மண்டியிட வேண்டும். கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகவே மூச்சு வாங்குகிறவள், ஏதோ ஒரு சாயங்காலம் அவன் குளிக்கப் போன நேரத்தில் மண்டியிட்டு, கையை நீட்டி, இதைச் சொருகிவிட்டு, எழுந்து, நாற்காலியில் ஒன்றும் தெரியாதவள்போல உட்கார்ந்திருக்கிறாள். அவன் விழக்கூடாது என்று. டென்வர் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் அழுதான். குளியலறைவரை போகக்கூட முடியவில்லை.

அன்று சாயங்காலம், பக்கத்து எல்சிஸ் ரிவரில் ஒரு பட்டறையில், பழைய வேன் ஒன்றின் கதவுக்கு லெஸ்டர் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். டென்வர் நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்தும் தூரிகையை நிறுத்தவில்லை.

"என்ன, இங்கயும் ஏதாவது காணாமப் போச்சா?"

டென்வர் சட்டைப்பையிலிருந்து விளக்கை எடுத்து நீட்டினான். "ரூமுக்குள்ள இருந்துச்சு. டிரம்முக்குப் பின்னாடி. கரென்டு போகும்போதெல்லாம் எரிஞ்சிருக்கு."

லெஸ்டர் வாங்கித் திருப்பிப் பார்த்தான். பொட்டைக் கட்டைவிரலால் தடவினான். பெயின்ட் விரல் பட்டு அதன்மேல் பச்சை ஒட்டியது.

"இது அக்காவோடது."

"ஆமா."

"நீ விழுந்தியே, அதுக்காக."

"ஆமா."

லெஸ்டர் விளக்கை டென்வரின் கையிலேயே திருப்பி வைத்தான்.

"அன்னைக்கு நான் சொன்னேனே, அது..." டென்வர் வேனைப் பார்த்தபடியே பேசினான். "அந்தச் சொல்லுக்கு என் நாக்கு அழுகணும்டா."

"அழுகட்டும். மெதுவா அழுகட்டும். சண்ட போட ஆளு வேணுமே எனக்கு." லெஸ்டர் தூரிகையை டின்னில் போட்டான். "அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எப்படிச் சொல்றது? உன் மருந்த நீயே கெடுத்துட்டன்னு சொல்லவா? திங்கக்கிழம மருந்து ஏத்தணும். ஏற்கெனவே சாப்பிடறதில்ல. இதையும் தெரிஞ்சுக்கிட்டா தாங்க மாட்டா."

"சொல்லாத."

"அப்புறம் நீ செய்யலன்னு எப்படிச் சொல்றது? உன் பேரு?"

"என் பேருக்கு என்ன? நான்தான் போனேன்னு சொல்லிடு. ஏற்கெனவே நான்தான்னு முடிவாயிடுச்சே, இனிமே என்ன கெட்டுப் போகப் போகுது?" டென்வர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "சும்மா இரு மச்சான். ஆனா ஒண்ணு. நான் அக்காகிட்ட மன்னிப்பு கேக்கும்போது நீ மூஞ்சிய கோவமா வெச்சுக்கணும். நீ இப்படி அழுமூஞ்சியா நின்னா அவ ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவா."

வீடு திரும்பும்போது மின்சாரம் வந்துவிட்டிருந்தது. மணி ஏழாகி அத்தைகளின் அறை விடிந்திருந்தது. ரொவீனா வழக்கம்போல உள்ளே நாற்காலியில். தம்பியைப் பார்த்ததும் கையை நீட்டினாள். அவன் போய்க் காலடியில் உட்கார்ந்தான்.

"அக்கா, நான்தான் போனேன். ஃபோன் வெளிச்சத்துல. ரெண்டு மூணு தடவ. தப்புதான்."

ரொவீனா அவன் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். அவளால் முடிந்த குட்டு. "அன்னைக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே கழுத. டென்னிய கெட்டவனாக்கிட்டு நான் நாலு நாளா அவன்கிட்ட பேசல." பிறகு குட்டிய இடத்தையே தடவிக்கொடுத்தாள். டென்வர் கதவோரம் முகத்தைக் கோபமாக வைத்துக்கொண்டு நின்றான். அவன் வாழ்நாளில் பட்ட கஷ்டங்களில் அது ஒன்று.

"டென்னி, அவன மன்னிச்சிடு."

"மன்னிச்சிட்டேன்" என்றான். லெஸ்டர் குனிந்துகொண்டான்.

"செடி என்னாச்சு? பிழைக்குமா?"

"ஜன்னலோரத்து அத்தைய வெட்டணும். மத்ததுல தினம் பொறுக்கி எடுத்துட்டா ஏதோ தேறும். கொஞ்சம் முன்னாடியே அறுத்துடறேன்."

"ஏதோ தேறினா போதும்" என்றாள் ரொவீனா. பிறகு ஞாபகம் வந்தவளாக, "ஆமா, அந்த டிரம்முக்குப் பின்னாடி ஒரு வெளக்கு சொருகி வெச்சேனே, பாத்தியா?"

லெஸ்டர் தலை நிமிர்த்தவில்லை. டென்வரின் சட்டைப்பையில் அது கனத்தது.

"இல்லையே. நீ எப்ப வெச்ச?"

"நீ விழுந்த மறுநாள். கரென்டு இல்லாதப்ப உள்ள போகமாட்டேன்னு நீ சத்தியம் பண்ண. நீ எந்தச் சத்தியத்த காப்பாத்தியிருக்க? அதான் வெச்சேன்." சொல்லும்போது அவள் முகத்தில் பல நாள் காணாத ஒரு பெருமை. "எரியுதான்னு பாரு."

"பாக்கறேன்."

"நான் ஒருத்தி இல்லன்னா நீ எங்கயாவது இருட்டுல விழுந்துதான் சாவ டென்னி."

"ஆமா ரோ" என்றான் டென்வர். "நீ இல்லன்னா..." மீன் குழம்பைச் சூடு பண்ணுகிறேன் என்று சமையலறைக்குப் போனான். அன்றைக்கு அவள் இரண்டு கரண்டி சோறு சாப்பிட்டாள். தம்பி எதிரே உட்கார்ந்து, காலணியிடம் நியாயம் கேட்ட கதையை மறுபடி சொன்னான்.

மூன்று அத்தைகளிடமிருந்து தேறியது பாதிப் பாட்டில் எண்ணெய். திங்கட்கிழமை ஏற்றிய மருந்துக்குப் பழைய பாட்டிலின் அடி போதுமானதாயிற்று. புதியது அதற்கடுத்த தடவைக்கு ஆகும். அதற்கும் அடுத்ததற்குப் போதுமா என்று டென்வருக்குத் தெரியாது. புதிதாக நாலு வாளியில் நாலு செடி வைத்திருக்கிறான். மறுபடியும் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் மனசு அந்த அறைக்கு ஓடுகிறது.

அந்த விளக்கு இப்போதும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ரொவீனா என்றைக்காவது குனிந்து பார்த்தால் காணவேண்டுமே. அதன் முகத்தில் கறுப்பு நாடாவை நாலைந்து சுற்று சுற்றி, சிவப்புப் பொட்டு மட்டும் வெளியே தெரியும்படி டென்வர் திரும்பச் சொருகிவைத்தான். மின்சாரம் போகும்போதெல்லாம் அது நாடாவுக்குள்ளேயே எரிந்துவிட்டு அணைகிறது.